செல்ப் அடிக்காதே என்று சொன்ன ஒர்க்ஷாப்

ஏடிவி, அதாவது கரடுமுரடான இடத்திலும் ஓடுகிற நாலு சக்கர பைக், வைத்திருக்கிறவர்கள் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ரொம்பப் பேர் இல்லை. குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டக்காரர்கள் சிலர், கடற்கரையில் டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் சிலர், அவ்வளவுதான். அதனாலேயே வண்டி தண்ணீரில் மூழ்கிவிட்டால் யாரிடம் கொண்டுபோவது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. இந்த ஐப்பசியில் எனக்கு அப்படி ஒரு நிலை வந்தது. வண்டி திரும்ப நல்லபடியாக ஓடுகிறது என்றால் அதற்கு ஒரே காரணம் அழகியமண்டபத்தில் இருந்து குலசேகரம் போகிற வழியில், வேர்க்கிளம்பி தாண்டி இருக்கிற ஒரு சின்ன ஒர்க்ஷாப். போர்டு கிடையாது. முன்னால், படகின் பின்னால் மாட்டுகிற பழைய அவுட்போர்டு மோட்டார் ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டிருப்பார்கள், அதுதான் அடையாளம். அங்கே என்ன நடந்தது, எவ்வளவு ஆனது, எது பிடித்தது, எது பிடிக்கவில்லை எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

என்னுடையது போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570. ஒற்றை சிலிண்டர், 567 சிசி, இன்ஜெக்‌ஷன் வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ரோட்டுக்கு இறக்குவதில்லை, தோட்டத்துக்குள் மட்டும்தான். மேல் பிளாக்கில் வெட்டுகிற ரப்பர் பாலைக் கேனில் பிடித்து, பின்னால் கட்டி, கீழே ஷீட் அடிக்கிற புரைக்குக் கொண்டுவருவதற்காகவே வாங்கினேன், ஏனென்றால் அந்தச் சரிவில் ஜீப் ஏறாது, தலைச்சுமையாகக் கொண்டுவர இப்போது ஆளும் கிடையாது. இரண்டு பிளாக்குக்கும் நடுவில் ஒரு ஓடை. சாதாரண நாளில் முட்டளவுகூட இருக்காது, வண்டி அதில் இறங்கி ஏறுவது தினமும் நடக்கிற காரியம். ஆனால் பேச்சிப்பாறையில் உபரி நீர் திறந்து கோதையாறு ஏறி, திற்பரப்பில் குளிக்கத் தடை போடுகிற நாட்களில் எங்கள் ஓடை வடிய வழியில்லாமல் அப்படியே நிற்கும். மழையே இல்லாத காலையிலும் தண்ணீர் ஏறி இருக்கும். அதைத் தெரிந்துவைத்துக்கொண்டும்தான் நான் அன்றைக்கு இறங்கினேன். பின்னால் ரெண்டு கேன் பால், நேரமானால் உறைந்துவிடுமே என்ற அவசரம்.

கால் வைக்கிற தட்டு வரைக்கும் தண்ணீர் வந்தபோது ஒன்றும் ஆகவில்லை. நடு ஓடையில் முன்சக்கரம் ஒரு குழிக்குள் போனது. பாவியிருந்த கல் வெள்ளத்தில் உருண்டுபோயிருந்திருக்கிறது. சட்டென்று சீட் வரைக்கும் தண்ணீர், என்ஜின் ஒருமுறை திணறியது, நின்றது. நான் அந்த நிமிஷத்தில் செய்தது ஸ்டார்ட் பட்டனை அமுக்கியதுதான். ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். சுத்தியலால் இரும்பில் தட்டினதுபோல. அதோடு சரி, ஒன்றும் அசையவில்லை. பால்வெட்டுகிற அண்ணன்மார் மூன்று பேர் வந்து கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றினார்கள்.

அன்று சாயங்காலமே குட்டியானையில் ஏற்றி டவுனில் ஒரு ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனேன். எது என்று இங்கே எழுதப்போவதில்லை. மறுநாள் காலையில் போனபோது ஒரு பையன் ஜம்பர் போட்டு வேறு பேட்டரியை இணைத்து வைத்திருந்தான். ரெண்டு தடவை செல்ப் அடித்தால் தண்ணீரெல்லாம் சைலன்சர் வழியாக வெளியே போய்விடும் என்றான். எனக்கு அதற்கு மேல் தெரியாது, சரி என்று நின்றேன். ரெண்டு தடவை அடித்தான், ரெண்டு தடவையும் அதே ‘டக்’. மத்தியானம் வந்த முதலாளி வண்டியை ஒரு ஸ்பேனர்கூட வைத்துப் பார்க்காமல், என்ஜின் போச்சு, முழுக்க இறக்கிக் கட்ட வேண்டும், பெல்ட் மாற்ற வேண்டும், 85,000 ரூபாய் தயார் பண்ணுங்கள் என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது, ஆனால் அதற்குள் அத்தான் போன் பண்ணினார். அக்கா வீடு குளச்சல் பக்கம். அங்கே மீன்பிடி வள்ளத்துக்கு மோட்டார் வேலை பார்த்த ஒருவர் இப்போது வேர்க்கிளம்பி பக்கம் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார், தண்ணிக்குள்ளே போன என்ஜின் என்றால் அவரிடம்தான் கொண்டுபோக வேண்டும், இப்பவே ஏற்று என்றார். அதே குட்டியானைக்காரரைக் கூப்பிட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு ஆகியிருந்தது, ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். பையன்கள் அவரை ஆசான் என்று கூப்பிடுகிறார்கள். அறுபது வயது இருக்கும். வண்டியைக் கீழே இறக்குவதற்கு முன்னாலேயே, குட்டியானைக்குப் பக்கத்தில் வந்து நின்று அவர் கேட்ட முதல் கேள்வி, “செல்ப் அடிச்சியா?”

“அடிச்சேன் அண்ணே.”

“எத்தனை தடவை? உள்ளதைச் சொல்லு மக்கா, ஏசமாட்டேன்.”

நான் ஒன்று, அந்தப் பையன் ரெண்டு, மொத்தம் மூன்று என்றேன். நிற்கும்போது ஆக்சிலேட்டர் முறுக்கிக்கொண்டு இருந்தாயா, மெதுவாக வந்தாயா என்று கேட்டார். மெதுவாகத்தான் என்றேன். எத்தனை மணிக்கு மூழ்கியது, எவ்வளவு நேரம் உள்ளே கிடந்தது, ஆற்றுத் தண்ணியா, சேறா, உப்புத் தண்ணியா, எல்லாம் கேட்டார். டாக்டரிடம் போனால் கேட்பதுபோல வரிசையாகக் கேட்டு, பழைய கேலண்டர் தாள் ஒன்றின் பின்னால் பென்சிலால் எழுதிக்கொண்டார். கடைசியில், “இனிமே நான் சொல்லாம யாரும் அந்தப் பட்டனைத் தொடப்பிடாது, கேட்டியா” என்று சொல்லி, சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பேட்டரி ஒயரை அப்போதே கழற்றினார்.

மூழ்கி ஒன்றரை நாள் ஆகிவிட்டது என்பதுதான் அவருக்குக் கவலை. அதனால் மூடுகிற நேரம் என்று பார்க்கவில்லை. ஸ்பார்க் பிளக்கை அன்று ராத்திரியே கழற்றினார். நுனியில் தண்ணீர் முத்துபோல நின்றது. பிளக் ஓட்டைக்கு எதிரே ஒரு வெள்ளை பனியன் துணியைப் பிடிக்கச் சொல்லிப் பையனிடம் கொடுத்துவிட்டு, இடது பக்கம் பெல்ட் கூட்டின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கிற முன் கிளட்சைக் கையால் பிடித்து மெதுவாகச் சுற்றினார். செல்ப் இல்லை, கைதான். கையால் சுற்றினால்தான் உள்ளே எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது என்று விரலுக்குத் தெரியுமாம். கால் சுற்று ஒன்றும் இல்லை. அரைச் சுற்றில் பிளக் ஓட்டையில் இருந்து பீச்சாங்குழல் மாதிரி தண்ணீர் வந்து துணியில் அடித்தது, கலங்கின ஓடைத் தண்ணீர், சின்ன இலைத் துணுக்குகூட அதில் இருந்தது. அடுத்த சுற்றில் அதைவிடக் கொஞ்சம். அதற்கடுத்து வெறும் ஈரக் காற்று. நாலைந்து சுற்றுக்கு அப்புறம் துணியின் புது இடத்தைப் பிடிக்கச் சொன்னார், துளிகூடப் படவில்லை. சிலிண்டருக்குள் ஈரத்தை விரட்டுகிற டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்து, திரும்பச் சுற்றி, அப்புறம் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயிலைச் சிரிஞ்சில் எடுத்து விட்டு, மறுபடியும் சுற்றி, பிளக் ஓட்டையைச் சுத்தமான துணியால் அடைத்தார். “இனி ராத்திரி துரு பிடிக்காது, நீ போய்ப் படு” என்றார்.

அந்த ‘டக்’ என்னவென்று மறுநாள்தான் விளக்கினார். காற்றை நெருக்கலாம், தண்ணீரை நெருக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது தலைக்கு மேல் மிஞ்சுகிற இடம் இந்த என்ஜினில் ஒரு சாயா கிளாஸில் பாதி அளவுதான் இருக்கும். அதற்கு மேல் தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் பிஸ்டன் மேலே வர வழியில்லை, எங்கேயோ ஒன்று வளைந்தாக வேண்டும், வளைவது பிஸ்டனைக் கிராங்கோடு சேர்க்கிற கனெக்டிங் ராடு. வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் குடித்தால் ராடு வளைந்து, சில சமயம் உடைந்து கேஸையே குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். நான் மெதுவாக வந்ததால் என்ஜினுக்கு அந்த வேகம் இல்லை, நின்றுவிட்டது. செல்ப் மோட்டாருக்கு ராடை வளைக்கிற அளவு பலம் பல சமயம் இருக்காது, ஆனால் சில சமயம் இருக்கும், அடிக்க அடிக்க வாய்ப்பு கூடும், அதனால்தான் முதல் கேள்வியே அது. மூழ்கின வண்டியைப் பார்த்துச் சரிபண்ணாமல் ஸ்டார்ட் பண்ணக்கூடாது என்று கம்பெனி கொடுத்த புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. என் வண்டியின் சீட்டுக்கு அடியில் அந்தப் புத்தகம் பிளாஸ்டிக் கவரோடு இருந்தது, நான் அதுவரை திறந்ததில்லை.

ஆயில் விஷயம்தான் நான் அங்கே பார்த்ததிலேயே மறக்க முடியாதது. கீழே போல்ட்டைக் கழற்றியதும் முதலில் வந்தது தண்ணீர். ஆயிலைவிடத் தண்ணீருக்குக் கனம் அதிகம் என்பதால் நின்ற வண்டியில் அது அடியில் போய்த் தங்கிவிடும். ஒரு கை தண்ணீர் வந்தபிறகு ஆயில் வந்தது. அது ஆயில் என்று சொன்னால் நம்ப முடியாது, பால் கூட்டிப் போட்ட சாயா நிறத்தில், கெட்டியாக, நுரையோடு. தண்ணீரும் ஆயிலும் கலந்ததில் வந்த நிறம் அது. அதில் கொஞ்சத்தை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்து, வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் தேதியும் 1 என்றும் எழுதி ஜன்னல் திட்டில் வைத்தார். அப்புறம் விலை குறைந்த ஆயில், 2 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, புது பில்டர் போட்டு, பிளக் இல்லாமலே சுற்றவைத்து, மொத்தத்தையும் வடித்தார். பாட்டில் 2. அதுவும் சாயாதான், கொஞ்சம் கடுப்பம் கூடின சாயா. அடுத்தது முதல் தடவை என்ஜின் ஓடினபிறகு சூட்டோடு வடித்தது, பாட்டில் 3, மங்கலாக, அடியில் ஒரு கோடுபோல வெளுப்பு. பாட்டில் 4 அதற்கும் அடுத்த முறை, பத்து நிமிஷம் ஓடவிட்டு வடித்தது. அதை ஜன்னலில் வைத்தபோது பின்னால் நின்ற வாழை இலையின் பச்சை அதற்குள் தெரிந்தது. ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் அடியைப் பார்த்தார், ஒன்றும் பிரிந்து நிற்கவில்லை. அதற்கு அப்புறம்தான் நல்ல ஆயில், கம்பெனி சொல்கிற 5டபிள்யூ-50 சிந்தெட்டிக், அதோடு இன்னொரு புது பில்டர். நான் போகிற ஒவ்வொரு நாளும் என்னை அந்த ஜன்னலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். வேலை நடந்ததா இல்லையா என்று சந்தேகப்பட இடமே வைக்கவில்லை. எந்த ஒர்க்ஷாப்பிலும் எனக்கு இப்படி நடந்ததில்லை.

நடுவில் நானே ஒரு யோசனை சொன்னேன், டீசல் ஊற்றிக் கழுவினால் சீக்கிரம் முடியுமே என்று. நம்ம பக்கம் நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. டீசல் சுத்தம் பண்ணும், ஆனால் பேரிங்கில் ஒட்டியிருக்கிற ஆயில் படலத்தையும் சேர்த்துக் கழுவிவிடும், அதை வைத்து ஓடவிட்டால் இரும்பும் இரும்பும் உரசும், ஏற்கெனவே தண்ணீர் பட்ட பேரிங்குக்கு அது கூடாது என்றார். மலிவான ஆயிலை மூன்று தடவை ஊற்றி வடிக்கிற செலவு, ஒரு கிராங்க் பேரிங் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எனக்கு அது நியாயமாகப் பட்டது.

பெல்ட் கூட்டுக்குள் அரைக் கப் தண்ணீர் தேங்கியிருந்தது. இந்த மாதிரி வண்டிகளில் கியர் மாற்றுகிற வேலையை ரப்பர் பெல்ட்தான் பார்க்கிறது, நனைந்தால் வழுக்கும், வண்டி இரையும், நகராது. கூட்டின் அடியில் தண்ணீர் வடிய ஒரு அடைப்பான் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஓடையில் கொஞ்சம் நனைந்து பெல்ட் மட்டும் வழுக்கினால், அதைத் திறந்து வடித்து, நியூட்ரலில் வைத்துக் கொஞ்ச நேரம் முறுக்கி முறுக்கி விட்டால் காற்றிலேயே காய்ந்துவிடும் என்று காட்டித் தந்தார். ஆனால் அது என்ஜின் தண்ணீர் குடிக்காத சமயத்தில் மட்டும். என் பெல்ட்டைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, வெளிச்சத்தில் வளைத்து வளைத்துப் பார்த்தார். வெடிப்பு இல்லை, பளபளப்பு ஏறவில்லை, இது ஓடும், மாற்ற வேண்டாம் என்றார். முதல் இடத்தில் கண்ணால் பார்க்காமலே மாற்றச் சொன்ன அதே பெல்ட். மாற்றியிருந்தால் அவருக்கும் லாபம்தான், நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டேன்.

முன் கியர் பெட்டியிலும் பின் கியர் பெட்டியிலும் ஆயில் பால் நிறமாகத்தான் இருந்தது. நான் என்ஜினைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன், இது என் மனதிலேயே இல்லை. ஓடிச் சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று இறங்கும்போது உள்ளே இருக்கிற காற்று சுருங்கும், சுருங்கும்போது சீல் வழியாகவும் மூச்சுக்குழாய் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஆழமான இடத்தில் இறங்குவதற்கு முன்னால் கரையில் நிறுத்தி ஒரு பத்து நிமிஷம் ஆறவிட வேண்டும் என்றார். அந்த மூச்சுக்குழாய் ரெண்டையும் தேடி எடுத்து, ஒன்று சேற்றால் அடைத்திருந்ததைச் சுத்தம் பண்ணி, முன்பு இருந்ததைவிட உயரமாகக் கட்டிவிட்டார். வீல் பேரிங் நாலில் ஒன்று சுற்றும்போது கரகரத்தது, அதை மாற்றினார். மற்றபடி கிரீஸ் அடிக்கிற எல்லா இடத்திலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடித்தார். ஒயர் சாக்கெட் ஒவ்வொன்றையும் பிரித்து, காற்றடித்து, காயவைத்து, அதற்கான கிரீஸ் தொட்டு மாட்டினார், இதற்கே ஒரு நாள் போனது. சைலன்சரைக் கழற்றிக் கவிழ்த்தபோது அதிலும் தண்ணீர் இருந்தது.

ஏர் பில்டர் காகிதம், ஊறிப்போயிருந்தது, அதைக் காயவைத்துப் போடக்கூடாது, புதுசுதான்.

பெட்ரோல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டேங்கில் தண்ணீர் போயிருக்காது, மூடி இறுக்கமாக இருந்ததே என்றேன். அவர் டியூபை விட்டு அடியில் இருந்து கொஞ்சம் உறிஞ்சி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தார். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும், கொஞ்சம் என்றால் தனக்குள் வைத்துக்கொள்ளும், அளவு மீறினால் ரெண்டும் சேர்ந்து பெட்ரோலில் இருந்து பிரிந்து அடியில் போய்ப் படுத்துவிடும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அந்த அடியைத்தான். பாட்டிலின் அடியில் ஒரு விரல் தடிமனில் வேறு நிறத்தில் கோடு விழுந்து நின்றதைப் பார்த்தபிறகு நான் ஒன்றும் பேசவில்லை. டேங்கை முழுக்க இறக்கிச் சுத்தம் பண்ணினார்கள்.

நாலாவது நாள் முதல் தடவையாக ஸ்டார்ட் பண்ணினார். அதற்கு முன்னால் காம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்து, திருப்தியாகி, சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்தார். பையன்களை ஏர் கம்ப்ரஸரை நிறுத்தச் சொன்னார், ரேடியோவை நிறுத்தச் சொன்னார். என்ஜின் பிடித்துக்கொண்டது, வெள்ளைப் புகை நிறைய வந்தது, என் நெஞ்சு அடித்துக்கொண்டது. நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் நுனியை என்ஜின் கேஸில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். ஒவ்வோர் இடமாக, அடியில், நடுவில், தலைப்பக்கம். மூன்று நிமிஷம் இருக்கும். அப்புறம் அதை என் கையில் தந்து, “நீயும் கேளு, ராடு வளைஞ்சிருந்தா தட்டும், இது தட்டல” என்றார். புகை மெல்லக் குறைந்து நின்றது. உடனே அணைத்து, சூட்டோடு ஆயிலை வடிக்கச் சொன்னார், அதுதான் அந்த மூன்றாவது பாட்டில்.

இவருக்கு இந்தப் பொறுமை எங்கே இருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். குளச்சலில் இருபது வருஷத்துக்கு மேல் வள்ளங்களின் மண்ணெண்ணெய் அவுட்போர்டு மோட்டார் வேலை பார்த்திருக்கிறார். அலையில் வள்ளம் கவிழ்ந்தால் மோட்டார் கடலுக்குள் போகும், எடுத்து வெளியே வைத்த நிமிஷத்தில் இருந்து துரு தொடங்கும். உடனே வேலை பார்க்க ஆள் இல்லையென்றால் அதை வெளியே வைக்கக்கூடாதாம், டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி அதற்குள்ளேயே முக்கி வைக்க வேண்டுமாம், காற்றுப் பட்டால்தான் துரு ஏறும் என்பதால். 2021 நவம்பரில் மாவட்டம் முழுக்க வெள்ளம் வந்தபோது மூழ்கின பைக்குகளை இதே முறையில்தான் எடுத்தாராம், ஹார்லிக்ஸ் பாட்டில் பழக்கமும் அப்போது வந்ததுதான். நான் இருந்தபோதே கடற்கரையில் வாடகைக்கு ஓட்டுகிற ஒரு ஏடிவியைக் கொண்டுவந்தார்கள், அலைக்குள் இறக்கி ஓட்டி, கழுவாமல் நாலு நாள் நிறுத்தியிருக்கிறார்கள். சாக்கெட் பின்னெல்லாம் பச்சை பூத்து, அலுமினியத்தில் வெள்ளைப் பொடி. என் வண்டி ஓடைத் தண்ணீரில் மூழ்கியது எவ்வளவு பெரிய நல்ல காலம் என்று அதைப் பார்த்தபிறகுதான் புரிந்தது. அந்த வண்டிக்காரரிடமும் அவர் உள்ளதைச் சொன்னார், இதுக்கு நான் உறுதி சொல்லமாட்டேன், பார்க்கிறேன் என்று.

மொத்தம் ஆனது 21,650 ரூபாய். கூலி 7,500. எல்லா ஆயிலும் சேர்த்து 7,600. பில்டர்கள், பிளக், பேரிங், சில்லறைச் சாமான்கள் 6,550. குட்டியானை வாடகை தனி. மாற்றின பழைய சாமான் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு என்னிடமே தந்தார்.

குறை இல்லாமல் இல்லை. மூன்று நாள் என்று சொன்ன வேலை ஒன்பது நாள் ஆனது. ஏர் பில்டரும் முன் கியர் ஆயிலும் வெளியூரில் இருந்து வரவேண்டி இருந்தது, அது அவர் கையில் இல்லை என்றாலும் முதலிலேயே சொல்லியிருக்கலாம், அந்த ஒன்பது நாளும் நான் ஆள் பிடித்துத்தான் பால் இறக்கினேன். போன் எடுக்கவே மாட்டார், நேரில்தான் போக வேண்டும், தூரத்தில் இருந்து வருகிறவர்களுக்கு இது பெரிய கஷ்டம். முறையான பில் கிடையாது, கேலண்டர் தாளில் எழுதித் தருவார், கணக்குக்குக் காட்ட வேண்டியவர்கள் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. உட்கார ஒரு பெஞ்சுதான், ஆனால் எதிர்ச் சாயாக்கடையில் மூன்று மணிக்கு ஏத்தன்பழம் பொரித்துப் போடுவார்கள், காத்திருக்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். இந்தக் குறைகளுக்காக நான் வேறு இடம் தேடமாட்டேன்.

வண்டி எடுக்கப் போன அன்று, என்ஜின் காற்று இழுக்கிற வழியைத் தண்ணீருக்கு மேலே உயர்த்துகிற குழாய், அதாவது ஸ்நார்க்கல், போட்டுத் தருவீர்களா என்று கேட்டேன். போடலாம், ஆனால் என்ஜினுக்கு ஒரு குழாய் மட்டும் உயர்த்தினால் போதாது, பெல்ட் கூட்டுக்குக் காற்று போகிற வழி, வருகிற வழி ரெண்டையும் உயர்த்த வேண்டும், எல்லா மூச்சுக்குழாயையும் உயர்த்த வேண்டும் என்றார். அதையெல்லாம் செய்தாலும் இன்னொன்று இருக்கிறது என்றார். “இந்த டயரு பலூன் மாதிரி, தண்ணி ஏறினா வண்டி மிதக்கும். மிதந்தா பிரேக்கும் இல்ல, ஸ்டியரிங்கும் இல்ல, ஒழுக்கு எங்க இழுக்கோ அங்க போவே. மூச்சு மட்டும் இருந்து என்ன செய்யப்போற?” அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பதிலாக டேப்பை எடுத்து, தரையில் இருந்து கால் தட்டு வரை அளந்து, அந்த அளவை என் கையில் எழுதிவிட்டார். ஓடையின் ரெண்டு கரையிலும் கமுகுத் தடி நட்டு, வண்டி போகிற இடத்தில் இருக்கிற தரையில் இருந்து அளந்து அந்த உயரத்துக்குக் கோடு போடு என்று சொல்லி, ஒரு பாட்டில் மூடியில் சிவப்புப் பெயின்டும் ஊற்றித் தந்தார். பத்து மணி நேரம் ஓடினபிறகு ஆயில் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார், கொண்டுபோனேன், பாட்டில் 5 என்று எழுதி வைத்தார், தெளிவாக இருந்தது. தடி நட்டாயிற்று. போன வாரம் கோதையாறு ஏறிய அன்று தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு நாலு விரல் மேலே நின்றது. வண்டியை இக்கரையில் நிறுத்திவிட்டு, கேன் ரெண்டையும் நடைபாலத்து வழியாக நாங்கள் மூன்று பேர் மாறி மாறிச் சுமந்து கொண்டுவந்தோம், புரைக்கு வந்து சேர்ந்தபோதும் பால் உறையவில்லை.